உதிர மறுக்கும் வால்

(கோழி வளர்ப்போரும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



10.6 மீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் முப்பத்து நான்கே முக்கால் அடி. ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் வாழ்ந்த ஒரு சேவலின் வால் இறகுக்கு 1972-ஆம் ஆண்டில் பதிவான நீளம் இது. எந்தப் பறவைக்கும் இதைவிட நீளமான இறகு பதிவானதில்லை என்கிறது கின்னஸ் புத்தகம். அந்த இறகைச் சுமக்கும் இனத்தின் சேவல் எவ்வளவு எடை இருக்கும்? சுமார் 1.8 கிலோ. பெட்டை ஒன்றரைக் கிலோகூட வராது. நம் ஊர்த் தெருவில் குப்பையைக் கிளறும் நாட்டுச்சேவலின் உருவம்தான். பின்னால் தொங்குவது மட்டும் ஒரு மாடி வீட்டின் உயரத்தைத் தாண்டிவிடுகிறது.

இந்த இனத்தின் பெயர் ஒனாகடோரி. கோச்சி என்றதும் கேரளத்துக் கொச்சியை நினைத்துவிட வேண்டாம். இது பசிபிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஷிகோகு தீவின் தென்பகுதி. பழைய பெயர் தோசா. உலகில் நீளவால் கோழிகள் பல உண்டு. ஆனால் ஆண்டுகள் கடந்தும் வால் உதிராமல் வளர்ந்துகொண்டே போகும் கோழி என்றால் அது இந்தத் தோசாக் கோழிதான். இதன் வழிவந்த கலப்புகளில் அந்தப் பண்பு அரைகுறையாகத்தான் தெரிகிறது.

அந்த வால் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், பலரும் ஒரே வார்த்தையில் "மரபணு" என்று முடித்துவிடுவார்கள். அது பாதி பதில்கூட இல்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மரபு, காலம், வளர்ப்பவன் கை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அந்த வால் இருக்கிறது. மூன்றில் ஒன்று விலகினாலும் அது சாதாரணச் சேவல்வால் ஆகிவிடும்.

பறவையின் தோற்றம்

முதலில் பறவையை ஒருமுறை முழுமையாகப் பார்ப்போம். ஒல்லியான உடல், நிமிர்ந்த கழுத்து, ஒற்றைக் கொண்டை, வெள்ளைக் காதுமடல். ஜப்பானில் முக்கியமாக மூன்று நிறங்களை ஏற்கிறார்கள். வெள்ளிக் கழுத்தும் வெள்ளி முதுகும் கறுப்பு மார்பும் கறுப்பு வாலும் கொண்டது ஒன்று. முழு வெள்ளை ஒன்று. பழுப்பும் செம்பொன்னும் கலந்தது ஒன்று. இவற்றில் முதலாவதுதான் அதிகம் புகழ்பெற்றது. கறுப்பு வால் பச்சை மினுக்கோடு கீழே இறங்க, அதன் இருபுறமும் இடுப்பிலிருந்து வெள்ளை இறகுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும்.

நாம் பொதுவாக "வால்" என்று சொல்வதில் பல வகை இறகுகள் இருக்கின்றன. விசிறிபோல் விரியும் விறைப்பான இறகுகள் பறவையின் உண்மையான வால் இறகுகள். அவற்றை மூடிக்கொண்டு, அரிவாளாக வளைந்து விழுபவை வேறு. அவற்றுக்கும் மேலே இடுப்பிலிருந்து ஊசியாக இறங்குபவை வேறு. ஒனாகடோரியில் எல்லை கடந்து நீள்பவை பெரும்பாலும் அந்த வளைந்த இறகுகளும் வாலை மூடும் இறகுகளுமே. மயிலிலும் இதே கதைதான்: நாம் தோகை என்று கொண்டாடுவது மயிலின் வால் அல்ல, வாலை மூடும் இறகுகளின் நீட்சி. ஆனால் மயில் ஆண்டுதோறும் தோகையை உதிர்த்துவிடுகிறது. ஒனாகடோரி உதிர்ப்பதில்லை. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஊர்வலத்துக்கு வேண்டிய இறகு

இனி வரலாறு. நீளவால் கோழி என்ற கருத்தே ஜப்பானில் பிறந்ததல்ல. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சீன வரலாற்று நூலான 'மூன்று அரசுகளின் வரலாறு', கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதி மக்களைப் பற்றிக் கூறும்போது, அங்கே ஐந்து சாண்-அளவைக்கு மேல் வால் நீண்ட கோழிகள் உண்டு என்று குறித்துவைத்திருக்கிறது. அந்தக் காலச் சீன அளவை இன்றைய கணக்கில் பெயர்த்தால் ஏறக்குறைய நான்கடி. நல்ல நீளம்தான், ஆனால் ஓராண்டு வளர்ச்சியில் எட்டிவிடக்கூடிய நீளம். ஜப்பானுக்குள் நீளவால் மரபைக் கொண்டுவந்தது, சீனத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஷோகொகு என்ற இனம். தோசாவின் நீளவால் கோழிகள் அந்த ஷோகொகுவுக்கு நெருங்கிய உறவு என்றே மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன.

அந்த நான்கடி வால் தோசாவுக்குள் வந்து ஏன் வேறு பாதையில் போனது? அதற்கு அரசியல் காரணம் உண்டு. 1600-இல் நடந்த செக்கிகஹாரா போருக்குப் பிறகு, 1601-இல் தோசா நாடு யமவுச்சி குடும்பத்தின் ஆட்சிக்கு வந்தது. 1635-இல், ஜப்பானை ஆண்ட தோக்குகாவா அரசு ஒரு விதியை உறுதியாக்கியது: ஒவ்வொரு பிரபுவும் ஓராண்டு விட்டு ஓராண்டு தலைநகர் எடோவுக்கு வந்து தங்க வேண்டும். எடோ என்பது இன்றைய டோக்கியோ. நூற்றுக்கணக்கான ஆட்கள், பல்லக்கு, பெட்டிகள், ஈட்டிகள் என்று பிரபுவின் பரிவாரம் ஊர் ஊராகக் கடந்து போகும். எந்தப் பிரபுவின் பரிவாரம் வருகிறது என்பதைத் தொலைவிலிருந்தே காட்டியது ஈட்டி முனையின் அலங்காரம். அந்த அலங்காரம் இறகாலோ மயிராலோ ஆனது.

ஆகவே நீளமான, மினுக்கும் இறகுக்கு அரண்மனையில் தேவை இருந்தது. 1655 முதல் சில ஆண்டுகள் நீடித்த மெய்ரெகி காலத்தில், இன்றைய நான்கோகு நகருக்குள் அடங்கிவிட்ட ஷினோஹாரா பகுதியைச் சேர்ந்த தகேச்சி ரியேமோன் என்பவர் நீளவால் சேவலை உருவாக்கினார் என்பது அந்த ஊர் வழங்கும் வரலாறு. ஒரே ஆள் ஒரே தலைமுறையில் ஓர் இனத்தை உருவாக்கிவிட முடியாது என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓர் இனத்தின் தொடக்கத்தை ஒரு கிராமத்துக்காரரின் பேரில் நினைவில் வைத்திருக்கிறார்களே, அது கவனிக்கத்தக்கது. கோச்சிச் சமவெளி ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைந்த பூமி. கடல் நீரோட்டத்தால் குளிர்காலம் மிதமாக இருக்கும். ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தானியமும் பச்சையும் குறையாத அந்த மண்ணில், உழவர் குடும்பங்களின் முற்றத்தில்தான் இந்தச் சேவல் வளர்ந்தது.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். 1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தது. பிரபுக்கள் போனார்கள், பரிவாரம் போனது, ஈட்டிக்கு இறகு சூட்டும் வேலையும் போனது. பயன் போனால் பண்டமும் போக வேண்டும் அல்லவா? இந்த வால் அதற்குப் பிறகுதான் நீள ஆரம்பித்தது. பரிவாரக் காலத்தில் வாலின் நீளம் பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள் அடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் பாசில் ஹால் சேம்பர்லின், நீண்ட வால்கள் பதினொன்று, பன்னிரண்டு அடி வரை போவதாக எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் அது மும்மடங்கு ஆனது. இறகு கேட்ட பிரபு இல்லாத காலத்தில், இறகுக்காகவே சேவலைக் காதலித்த வளர்ப்போர் இருந்தார்கள். அதை நீட்டிக் காட்டும் வழியையும் கண்டுபிடித்தார்கள். அந்த வழிக்குப் பிறகு வருகிறேன்.

இறகு ஏன் உதிர்கிறது, ஏன் உதிரவில்லை

மூன்றில் முதலாவது, மரபு. மாணவர்களுக்காகச் சற்று உடலியல். இறகு முளைப்பது தோலில் உள்ள ஒரு சிறு குழியிலிருந்து. வளரும் காலத்தில் அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடும் மென்திசு இருக்கும். அந்த நேரத்தில் அடித்தண்டு முறிந்தால் இரத்தம் வடியும். கோழி வளர்ப்போர் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வளர்ச்சி முடிந்ததும் மென்திசு சுருங்கிவிடும், இரத்த ஓட்டம் நின்றுவிடும், இறகு வெறும் கெரட்டின் பொருளாகக் குழியில் செருகி நிற்கும். பகல் நீளம் குறையும்போது, ஹார்மோன்களின் ஏவலால் அந்தக் குழி மறுபடி விழித்துப் புதிய இறகைத் தள்ளும். பழையது கழன்று விழும். ஆண்டுக்கொரு முறை கோழிகள் கலைந்து, பரட்டையாகத் திரிவது இதனால்தான். முட்டை நின்றுபோவதும் அதே நேரத்தில்தான்.

ஒனாகடோரிச் சேவலிலும் உடல் இறகுகள் இப்படியே ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கின்றன. வால் பகுதியின் குறிப்பிட்ட சில இறகுகளில் மட்டும் இந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. அந்தக் குழிகள் ஓய்வு நிலைக்குப் போவதில்லை. அடியில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, இறகும் நீண்டுகொண்டே இருக்கிறது. நம் புருவமுடியையும் தலைமுடியையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருள். புருவமுடி சில மாதத்தில் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது, தலைமுடி ஆண்டுக்கணக்கில் நிறுத்துவதில்லை. நீளத்தை முடிவு செய்வது பொருள் அல்ல, வளர்ச்சிக்காலம். சேவலின் வாலிலும் நடந்திருப்பது அதுதான்.

வளர்ப்போர் இதில் இரண்டு பண்புகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வால் உதிராமல் இருப்பது ஒன்று. வேகமாக வளர்வது மற்றொன்று. இரண்டும் ஒரு பறவையில் கூடினால்தான் பெருநீளம். பிற இனத்தோடு கலந்தால் வாரிசுகளில் சில இறகுகள் ஓராண்டு தங்கும், சில இரண்டு மூன்றாண்டு தங்கும், பிறகு உதிரும். பண்பு முழுசாக அழிவதில்லை, நீர்த்துப்போகிறது.

இதில் பெட்டையின் பங்கு பெரியது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. கோழிகளில் பெண் ஹார்மோன்தான் இறகைக் குட்டையாகவும் நுனி உருண்டும் ஆக்குகிறது. சூலகத்தை எடுத்துவிட்ட பெட்டைக்குச் சேவல் இறகு முளைக்கும் என்பது பழைய ஆய்வகப் பாடம். ஒனாகடோரிப் பெட்டைக்கு வால் ஓரளவுக்கு மேல் நீளாது; அது ஆண்டுதோறும் உதிர்க்கவும் செய்யும். ஆனால் வாலின் மரபில் பாதி அதனிடமிருந்துதான் வருகிறது. தன் உடலில் காட்டாத பண்பை மகனுக்குக் கொடுக்கும் தாய் அது. அதனால் எந்தப் பெட்டையை இணை சேர்ப்பது என்பதை, அதன் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதன் தந்தை எது, உடன்பிறந்த சேவல்களின் வால் மூன்றாம் ஆண்டில் எப்படி இருந்தது என்று குடும்பக்கதை தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதை எழுதிவைத்த ஏட்டில் இருக்கும், அல்லது வளர்ப்பவர் தலைக்குள் இருக்கும். தலைக்குள் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும்.

வயதான கோழியின் மதிப்பு

இரண்டாவது, காலம். இந்த வால் ஆண்டுக்கு 70 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை வளர்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர். இந்த வேகத்தை வைத்துக்கொண்டு 10.6 மீட்டரை வகுத்துப் பாருங்கள். பத்தாண்டுக்கும் மேல் ஆகிறது. பத்தாண்டு காலம் ஒரு சேவல் உயிரோடு இருக்க வேண்டும். நோய் வரக்கூடாது, கீரியோ நாயோ பிடிக்கக்கூடாது, சண்டை போட்டு இறகைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. குழியோடு பிடுங்கப்பட்ட இறகு மீண்டும் முளைக்கும். ஆனால் பூச்சியத்திலிருந்து முளைக்கும். ஏழாம் ஆண்டில் அது நடந்தால் அந்த இறகைப் பொறுத்தவரை ஏழாண்டும் வீண்.

இன்றைய கறிக்கோழி ஐந்து, ஆறு வாரத்தில் முடிந்துவிடுகிறது. முட்டைக்கோழி ஒன்றரை, இரண்டு வயதில் கழிவாகிறது. கோழி என்ற உயிர் எத்தனை ஆண்டு வாழக்கூடியது என்பதே நமக்கு மறந்துவிட்டது. ஒனாகடோரி அதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. வயது கூடக்கூட மதிப்பு கூடும் கோழி இது. அதன் அழகே அதன் ஆயுளின் அளவு. வாலின் நுனி அது இளஞ்சேவலாக இருந்தபோது வளர்ந்தது; அடிப்பகுதி இந்த வாரம் வளர்ந்தது. இடையில் எங்கேனும் இறகு மெலிந்தோ வெளிறியோ கிடந்தால், அந்தப் பருவத்தில் தீனி குறைந்ததோ நோய் கண்டதோ என்று வளர்ப்பவர் படித்துவிடலாம். இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அதிகம். உதிரும் பருவத்தில் மட்டும் பிற கோழிகளுக்கு வேண்டிய அந்தச் சத்து, இதற்கு ஆண்டு முழுவதும் வேண்டும்.

பெட்டியும் கையும்

மூன்றாவது, கை. தரையில் விட்டால் மூன்று மீட்டர் வால் என்ன ஆகும்? சேறு படும், எச்சம் படும், மிதிபடும், நுனி கிழியும். மழை மிகுந்த கோச்சியில் சொல்லவே வேண்டாம். இதற்குத் தோசாக்காரர்கள் கண்ட வழி 'தோமெபாகோ' என்ற பெட்டி. ஆள் உயரத்துக்கு மேலான, குறுகலான மரப்பெட்டி அது. மேலே குறுக்கே ஒரு கட்டை. அதில் சேவல் உட்காரும். தீனியும் தண்ணீரும் அங்கேயே. வால் கீழ்நோக்கித் தொங்கும். பெட்டியைவிட நீண்டால் கோலின் மேல் சுற்றி மடித்துப் போடுவார்கள். சேம்பர்லின் எழுதியதன்படி, வெளிச்சம் மேலே மட்டும் வரும். கீழே வெளிச்சம் இருந்தால் சேவல் இறங்கப் பார்க்கும் என்பது காரணம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம்போல வெளியே நடக்க விடுவார்கள். அப்போது ஓர் ஆள் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பின்னால் நடப்பார். அவ்வப்போது வெந்நீரில் வாலைக் கழுவி உலர்த்துவார்கள். தீனி உமி நீக்காத நெல்லும் கீரையும். சேவல்கள் மிகவும் சாதுவாகப் பழகும் என்றும், பெட்டைகள் ஆண்டுக்கு முப்பது முட்டை அளவில்தான் இடும் என்றும், அவற்றை வேறு கோழிகளிடம் அடை வைப்பார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இந்தக் கைவேலை அறிவியல் உலகில் ஒரு சுவையான விவாதத்தைக் கிளப்பியது. இங்கிலாந்து விலங்கியலாளர் ஜே. டி. கன்னிங்ஹாம் இந்தக் கோழிகளை வளர்த்துப் பார்த்து, 1903-இல் தம் முடிவுகளை லண்டன் விலங்கியல் கழக இதழில் வெளியிட்டார். வளரும் இறகை அடிக்கடி தடவி, மெல்ல இழுத்துவிடுவதால்தான் அதன் வளர்ச்சி நீள்கிறது என்பது அவர் வாதம். ஒரு தலைமுறையில் பெற்ற பண்பு அடுத்த தலைமுறைக்கு மரபாகப் போகும் என்று நம்பியவர் அவர். அதே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன், கோழிக் கொண்டைகளை வைத்தே, மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டிக்கொண்டிருந்தார். தடவுவதால் மரபு உண்டாகாது என்பது பின்னர் தெளிவாகிவிட்டது. ஆனால் கன்னிங்ஹாம் பார்த்த ஒன்று உண்மை: மனிதக் கை படாமல் இந்த வால் இல்லை. கை மரபை உண்டாக்கவில்லை. மரபு தந்ததைக் காப்பாற்றியது. எந்தக் குஞ்சை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்ததும் அதே கைதான். காட்டில் நீளவால் சேவலைப் பெட்டை விரும்பலாம். ஆனால் எல்லை மீறினால் காட்டுப்பூனை வாலைப் பிடித்துவிடும். தோசாவில் தேர்வு செய்தவனும் மனிதன், காவல் நின்றவனும் மனிதன். அதனால் எல்லையே இல்லாமல் போனது.

சட்டம் காத்த கோழி

1919-இல் ஜப்பான் தொல்லிடங்களையும் இயற்கைச் சின்னங்களையும் காக்க ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் 1923-இல் தோசாவின் ஒனாகடோரி இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. காட்டு விலங்குக்குக் கொடுக்கும் தகுதியை வீட்டுக் கோழிக்குக் கொடுத்தார்கள். பிறகு உலகப்போர் வந்தது. மனிதருக்கே சோறில்லாத நாளில் அலங்காரச் சேவலுக்கு யார் தீனி போடுவார்கள்? எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. சிலர் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். போருக்குப் பின் 1952-இல் இதற்குச் 'சிறப்பு' இயற்கை நினைவுச்சின்னம் என்ற உயர்நிலை கிடைத்தது. ராட்சத சாலமாண்டரும் செங்கொண்டை நாரையும் இடம்பெற்ற வரிசை அது. ஜப்பானில் பதினேழு நாட்டுக்கோழி வகைகள் இயற்கை நினைவுச்சின்னங்களாக உள்ளன. 'சிறப்பு' என்ற நிலை பெற்ற கோழி ஒனாகடோரி ஒன்றே.

கோச்சியின் கோழிச்செல்வம் இதோடு முடியவில்லை. ஒரே மூச்சில் இருபது நொடி வரை கூவும் தோதென்கோ அங்கேதான் உருவானது. 1936-இல் அதுவும் நினைவுச்சின்னம் ஆனது. குட்டைக் காலோடு வாலைத் தரையில் இழுத்து நடக்கும் ஓஹிகியும் அந்த மண்ணுக்குரியது. வாலுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, வடிவுக்கு ஒன்று என்று ஒரு சிறு மாநிலம் சேவலைப் பல கலைகளாகப் பிரித்து வளர்த்திருக்கிறது.

மேலைநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானிய நீளவால் கோழிகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. ஏற்றுமதியான துறைமுகத்தின் பேராலேயே ஒரு வகைக்கு 'யோகோஹாமா' என்று பெயரிட்டார்கள். ஜெர்மனியில் தேசியக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் முதல் தலைவரான ஹ்யூகோ டு ரோவா, இறக்குமதிப் பறவைகளை வேறு இனங்களோடு கலந்து 'ஃபீனிக்ஸ்' இனத்தை உருவாக்கினார். கலப்பால் உடல் உறுதியானது, குளிர் தாங்கியது, முட்டையும் கூடியது. வால் ஒரு மீட்டர் அளவில் நின்று ஆண்டுதோறும் உதிர ஆரம்பித்தது. அமெரிக்கக் கோழி இனத் தர நூலில் வெள்ளி நிற ஃபீனிக்ஸ் 1965-இலும் பொன்னிறம் 1983-இலும் இடம்பெற்றன. அழகான பறவைதான். ஆனால் அதை ஒனாகடோரி என்று அழைப்பது தவறு.

நியாயமா?

இனிக் கடினமான கேள்விக்கு வருகிறேன். உங்களில் சிலர் மனத்துக்குள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள்: ஒரு பறவையைப் பத்தாண்டு பெட்டிக்குள் நிறுத்தி வைப்பது நியாயமா? கோழி தரையைக் கிளற வேண்டும், புழுதியில் குளிக்க வேண்டும், தன் கூட்டத்தோடு திரிய வேண்டும். பிரிட்டனில் 1979-இல் வகுக்கப்பட்ட ஐந்து சுதந்திரங்களைக் கால்நடை மருத்துவ மாணவர்கள் பாடமாகப் படிக்கிறீர்கள். இயல்பான நடத்தைக்கு இடம் கொடுப்பது அவற்றில் ஒன்று. அந்த அளவுகோலால் பார்த்தால் தோமெபாகோ தேறாது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூண்டு முறை முட்டைப் பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. அந்தக் கோழியைக் கையில் எடுத்து நடக்கவிட ஆள் இல்லை; அதன் பெயரும் வம்சமும் யாருக்கும் தெரியாது. ஒனாகடோரிக்குப் பெட்டியில் நெருக்கடி இருந்தது, கூடவே ஒரு மனிதனின் அன்றாடக் கவனமும் இருந்தது. ஒரு குறையைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்தவில்லை. கோழியிடம் மனிதன் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சில நூறு அலங்காரச் சேவல்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்கிறேன்.

என் தீர்ப்பு இது. 10 மீட்டர் என்ற சாதனை இந்த இனத்துக்குத் தேவையில்லை. வால் உதிராமல் நிற்பதும் தொடர்ந்து வளர்வதும்தான் இனத்தின் அடையாளம். அதை மூன்றாம், நான்காம் ஆண்டிலேயே கண்டுகொள்ளலாம். இரண்டு மூன்று மீட்டர் வாலோடு, உயரமான கட்டையும் காய்ந்த மணல் தரையும் உள்ள விசாலமான கொட்டிலில் நடமாடும் சேவலும் ஒனாகடோரிதான். பரிவாரக் காலத்தில் வாலின் நீளம் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் இருந்தது. பெட்டி இந்த இனத்தின் பிறப்புரிமை அல்ல, பிற்காலச் சேர்க்கை. பெட்டியை விட்டாலும் இனம் பிழைக்கும். ஆனால் குடும்பக்கதையை விட்டால், பெட்டையின் வம்சத்தைக் கணக்கில் வைக்கும் ஆளை விட்டால், இனம் பிழைக்காது. சிறு கூட்டத்துக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டு போகும் எந்த இனத்துக்கும் கருவளம் குறையும் அபாயம் உண்டு. ஒனாகடோரிக்கு இன்றைய உண்மையான ஆபத்து அதுவும், வளர்ப்போர் முதுமையும்தான்.

நமக்கு

நம்மிடமும் காட்சிக்காக வளர்க்கும் சேவல் உண்டு. கிளிமூக்கு விசிறிவால் சேவல்களை வளர்ப்போர் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். திண்டுக்கல் போன்ற ஊர்களில் கண்காட்சி நடக்கிறது. நல்ல சேவலுக்கு இலட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். விசிறிவாலின் மரபு வேறு, ஒனாகடோரியின் மரபு வேறு. நம் சேவல் ஆண்டுதோறும் வால் உதிர்க்கிறது, அது இயல்பு. ஆகவே அதன் வாலை ஜப்பானியச் சேவலின் வாலோடு நீளத்தில் ஒப்பிட்டுப் பெருமையோ தாழ்வோ கொள்வதில் பொருளில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு.

சேவலுக்கு விலை பேசும்போது பெட்டையையும் கேளுங்கள். பண்பில் பாதி அதனிடம் இருக்கிறது. எந்தச் சேவலுக்கும் எந்தப் பெட்டைக்கும் பிறந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். கண்காட்சியில் மூக்கின் வளைவையும் வாலின் நீளத்தையும் அளக்கும் நடுவர்கள், சேவலின் வயதையும் காலின் உறுதியையும் மூச்சின் சீரையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவ மாணவர்கள் வளர்ப்போரின் வீட்டுக்குப் போங்கள். அவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் வம்சக்கதைகளைப் பதிவு செய்யுங்கள், இரத்த மாதிரியும் எடுத்து வையுங்கள். தோசாவில் ஒரு கிராமத்துக்காரரின் பெயர் மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு சேவலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நம் இனங்களை உருவாக்கியவர்களின் பெயர்களில் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? இன்று நம்மோடு இருக்கும் வளர்ப்போரின் பெயர்களையாவது எழுதத் தொடங்குவோம். அந்த வேலைக்குச் சட்டமும் நிதியும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; ஒரு நோட்டும் பேனாவும் போதும்.